கிண்ணம் நிறைய உமி

ஆனி மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போக வேண்டியிருந்தது. கூண்டில் இரண்டு பறவைகள். பக்கத்து வீட்டுப் பையனிடம் தினை டப்பாவைக் காட்டி, "தீனி குறைஞ்சா போடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் சாயங்காலம் தென்காசி வந்து சேர்ந்தபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இரண்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பந்துபோல் ஒட்டி உட்கார்ந்திருந்தன. கிண்ணமோ விளிம்புவரை நிறைந்திருந்தது. "கிண்ணம் நிறைய இருந்துச்சு மாமா, அதான் போடல" என்றான் பையன். அவன் சொன்னதில் பொய்யில்லை. கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப்போய் ஓர் ஊது ஊதினேன். மஞ்சளாக அத்தனையும் பறந்துபோயிற்று. அடியில் பத்துப் பன்னிரண்டு தினை மணிகள் கிடந்தன. நிறைந்திருந்தது முழுக்க உமி.

பறவைகள் பிழைத்துக்கொண்டன. அன்றிலிருந்து கிண்ணம் சொல்வதை நான் நம்புவதில்லை. பட்ஜிகளைத் தினையிலிருந்து பெல்லட் தீவனத்துக்கு மாற்றுவதைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்த உமிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாற்றும் நாட்களில் பறவைகள் செத்துப்போவதும் இப்படித்தான். கிண்ணத்தில் தீனி இருக்கும். பறவையின் வயிற்றில் இருக்காது.

நம் ஊரில் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கக் கிளிகள். வால் குட்டையாக, உடல் தடித்து இருக்கும். நீண்ட வாலும், கழுத்திலும் முதுகிலும் அலையலையான கோடுகளுமாக நம் கூண்டுகளில் கீச்சிடுகிறவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த பட்ஜெரிகர் கிளிகள், சுருக்கமாகப் பட்ஜிகள். 1805-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையாளர் இதை முதலில் விவரித்து எழுதினார். 1840-ல் ஜான் கூல்ட் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிய பறவை இது. எடை 30 முதல் 40 கிராம். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் சுமார் நாலரைப் பவுன். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு பட்ஜி தினை தின்பதை ஓர் அடி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? அலகால் மணியைக் கொத்தி எடுக்கிறது. கறுத்துத் தடித்த நாக்கு அந்த மணியை மேல் அலகின் உட்புறத்தில் உள்ள வரப்பு போன்ற விளிம்பில் அழுத்திப் பிடிக்கிறது. கீழ் அலகின் கூர்மை உமியில் ஒரு கீறல் போடுகிறது. நாக்கு மணியை உருட்ட, உமி உரிந்து வாயோரமாக வெளியே விழுகிறது. பருப்பு மட்டும் உள்ளே போகிறது. எல்லாம் ஒரு நொடி வேலை. போன பருப்பு கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் ஊறி, பிறகு அரைவைப்பையில் மாவாகிறது. விழுந்த உமி மறுபடியும் கிண்ணத்திலேயே, தினையின் மேலேயே சேர்கிறது. கிண்ணம் நம்மை ஏமாற்றுவது இதனால்தான். இன்னொன்றும் கவனியுங்கள். சத்துக் குறைவைச் சரிக்கட்ட வைட்டமின் பொடியைத் தினையின் மேல் தூவுகிறோமே, அது உமியோடு ஒட்டிக்கொண்டு உமியோடே வெளியே போய்விடுகிறது. குடிக்கிற தண்ணீரில் சொட்டு மருந்து கலந்தால் வெளிச்சத்திலும் சூட்டிலும் சில மணி நேரத்தில் சத்து அழியும், தண்ணீரும் சீக்கிரம் கெடும். ருசி பிடிக்காவிட்டால் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும்.

தினைக்கும் கிளிக்கும் உள்ள உறவு எங்கள் தென்காசி மலையடிவாரத்துக்குப் புதிதல்ல. குறிஞ்சி நிலத்துப் பெண் பரண்மேல் உட்கார்ந்து, கவண் எறிந்து, ஆலோலம் பாடித் தினைப்புனத்துக் கிளிகளை விரட்டியது தமிழ் இலக்கியத்தின் பழைய காட்சி. வள்ளி கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. குற்றால மலையைப் பாடியவர்கள் எல்லாருக்கும் தினை ஒரு மலைப்பொருள். அன்று விரட்டினோம், இன்று கிண்ணத்தில் போட்டுக் கூப்பிடுகிறோம். அன்று விரட்டப்பட்டது நம் பச்சைக்கிளி. அதைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை, காட்டிலிருந்து பிடிக்கப்படாமல் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்வது. ஆகவே அதை வளர்க்கலாம். வளர்க்கலாம் என்று ஆனபின், அதன் உணவுக்கு முழுப் பொறுப்பும் நம்முடையது. அதற்குப் பறந்துபோய் வேறு ஒன்றைத் தேடித் தின்ன வழியில்லை.

"ஆஸ்திரேலியக் காட்டில் அதுவும் விதைதானே தின்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். காட்டுப் பட்ஜி பெரும்பாலும் புல் விதைதான் தின்கிறது. ஆனால் அது ஒரே புல்லின் விதை அல்ல. ஸ்பினிபெக்ஸ், மிட்செல் புல் என்று பலவகைப் புற்கள். காய்ந்தவை, பால் பிடித்த பச்சை மணிகள் இரண்டும். இடையில் கொறிக்கும் தளிர்கள். மழை எங்கே பெய்ததோ, புல் எங்கே விளைந்ததோ அங்கே கூட்டமாகப் பறந்து போகும் நாடோடி அது. அதற்குச் செலவாகும் உழைப்பும் அதிகம், அதனால் தின்னும் அளவும் வகையும் அதிகம். நாள் முழுக்க வெயிலில் இருக்கிறது. நம் கூண்டுப் பறவைக்கு வாய்த்தது ஒரே தினை, ஒரே கம்பி, இரண்டடிப் பறப்பு. தினை கெட்டுப்போன தானியம் அல்ல. மனிதருக்கு அது அருமையான உணவு. ஆனால் நாம் தினைச் சோற்றோடு குழம்பும் கீரையும் மோரும் சேர்த்துச் சாப்பிடுகிறோம். பறவைக்குப் பிறந்த நாள் முதல் வெறும் தினை.

வெறும் தானியம் ஒரு பறவையை என்ன செய்யும் என்பது உலகத்துக்குத் தெரியவந்த கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1890-களில் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைப் பார்த்தார். தீட்டிய அரிசிச் சோற்றை மட்டும் தின்ற கோழிகளுக்கு இந்த வாதம் வந்தது. தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்ததும் எழுந்து நடந்தன. வைட்டமின் என்ற கருத்துக்கே வழி திறந்த அவதானிப்பு அது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1918-ல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் இதே கேள்வியைப் புறாக்களிடம் கேட்கத் தொடங்கினார். தீட்டிய அரிசி மட்டும் தின்ற புறாக்களின் உடலைத் திறந்து பார்த்தபோது, பாதிப்பு நரம்போடு நிற்கவில்லை என்பதைக் கண்டார். குடலும் சுரப்பிகளும் கூடச் சீர்கெட்டிருந்தன. பார்க்க வயிறு நிறைந்த பறவை. உள்ளே உறுப்புறுப்பாகப் பட்டினி. குன்னூரில் சிறிதாகத் தொடங்கிய அந்த ஆய்வு வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. எந்தத் தானியத்தில் என்ன சத்து எவ்வளவு என்று நாம் புரட்டிப் பார்க்கும் பட்டியல்கள் அங்கே உருவானவை.

அந்தப் பட்டியலில் தினையின் வரியை ஒரு பட்ஜிக்காகப் படித்துப் பாருங்கள். 100 கிராம் தினையில் புரதம் சுமார் 12 கிராம். குறை சொல்ல முடியாது. கொழுப்பு 4 கிராம் சொச்சம், அதுவும் சரி. கால்சியம் 31 மில்லிகிராம், பாஸ்பரஸ் 290 மில்லிகிராம். இங்கேதான் சிக்கல். பறவையின் உடலுக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடவோ, குறைந்தது சமமாகவோ வர வேண்டும். தினையில் ஒன்றுக்கு ஒன்பது என்று தலைகீழாக இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். பெட்டைப் பறவை முட்டையிடத் தொடங்கினால் கணக்கு இன்னும் மோசம். ஓட்டுக்குச் சுண்ணாம்பு பற்றாமல் தோல்முட்டை வரும், முட்டையைத் தள்ளத் தசைக்கு வலுவில்லாமல் முட்டை அடைத்துக்கொள்ளும். கூண்டின் தரையில் இறகை விரித்துக்கொண்டு முக்கும் பெட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தெரியாது.

வைட்டமின் ஏ கதையும் அப்படியே. அதற்கு மூலமான கரோட்டின் 100 கிராம் தினையில் 32 மைக்ரோகிராம். அதே அளவு முருங்கைக்கீரையில் 6,780. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய், சிறுநீரகம் இவற்றின் உள்தோல் ஈரம் இழந்து தடித்துச் சொரசொரப்பாகிவிடும். கிருமி நுழைய வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஓயாத தும்மல், மூக்கடைப்பு, வாய்க்குள் வெள்ளைத் திட்டு என்று அது வெளியே தெரிய வரும்போது பல மாதங்கள் கடந்திருக்கும். அயோடின் குறைந்தால் கழுத்துக்குள் தைராய்டு சுரப்பி வீங்கித் தீனிப்பையையும் மூச்சுக்குழாயையும் அழுத்தும். மூச்சுவிடும்போது 'கிளிக் கிளிக்' என்று ஒரு சத்தம் வரும். விதை மட்டும் தின்ற பட்ஜிகளிடம் உலகெங்கும் மருத்துவர்கள் அதிகம் கண்ட நோய்களில் இதுவும் ஒன்று. கடையில் 'மிக்ஸ்' என்று விற்பதில் சூரியகாந்தி விதை சேர்ந்திருந்தால் இன்னொரு கேடு. அதன் பருப்பில் பாதியளவு கொழுப்பு. பறவை தினையை ஒதுக்கிவிட்டு அதையே பொறுக்கும். பறக்க இடமில்லாத பட்ஜிக்கு அது ஈரலில் கொழுப்பாகப் படியும், நெஞ்சில் கொழுப்புக் கட்டியாகத் திரளும். ஈரல் கெட்டால் அலகு கோணல்மாணலாக நீண்டு வளரும்.

எங்கள் வீட்டு ஆண் பறவை அப்படித்தான் மருத்துவரிடம் போனது. அலகு நீண்டிருந்தது, எடை 49 கிராம். கொழுகொழுவென்று இருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். நெஞ்செலும்பை விரலால் தடவிப் பார்த்த கால்நடை மருத்துவர் தீனியை மாற்றச் சொன்னார். உடனே அல்ல, மெல்ல.

பெல்லட் என்பது நம் பக்கத்தில் கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அவர்கள் அதைக் குச்சித் தீவனம் என்பார்கள். சோளம், சோயா, கோதுமை போன்றவற்றை மாவாக்கி, வைட்டமினும் தாது உப்புகளும் கலந்து, நீராவியில் வேகவைத்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோல் அழுத்திப் பிழிந்து, துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்தால் பெல்லட். இதன் சூட்சுமம் சத்தைச் சேர்த்ததில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கடியிலும் எல்லாம் சமமாக இருப்பதில் இருக்கிறது. பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை ஒதுக்க வழியில்லை. உரித்தெறிய உமியும் இல்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெல்லட் என்பதால் கோழித் தீவனத்தையே பட்ஜிக்குப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் தினமும் முட்டையிடும் கோழிக்கு வேண்டிய அளவு கால்சியம் இருக்கும். அது பட்ஜியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குஞ்சுத் தீவனங்களில் பெரும்பாலும் இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கும். சிறு கிளிகளுக்கென்றே செய்த, சிறிய துண்டுகளான பெல்லட்தான் வேண்டும். கலர் கலராக, இனிப்புச் சேர்த்து வருவதைவிட மண்நிறத்தில் வருவது மேல். நிறம் சேர்ந்த பெல்லட்டைத் தின்றால் எச்சமும் நிறம் மாறும். எச்சத்தைப் பார்த்து நோயை அறியும் வழி அடைபட்டுவிடும்.

பெல்லட்டே முழு உணவு, அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் காக்கட்டீல் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. வளர்ந்த பறவைகளை வைட்டமின் ஏ குறைவு பாதித்ததைவிட, அதன் மிகுதி அதிகமாகப் பாதித்தது என்று அவர்கள் கண்டார்கள். பெல்லட்டும் தின்னும் பறவைக்கு மேற்கொண்டு சத்துச் சொட்டு மருந்தும் கொடுத்தால் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதலைச் செய்கிறோம். பெல்லட் உலர்ந்த பண்டம் என்பதால் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். பாலைவனப் பறவையான பட்ஜி தண்ணீர் குறைவாகக் குடிக்கும் இயல்புடையது. என் கணக்கு இது: உணவில் பாதிக்குக் கொஞ்சம் மேல் பெல்லட்; மீதியில் கீரையும் காயும் கூடுதலாக, தினையும் கேழ்வரகும் அளவாக. கேழ்வரகை ஏன் சொல்கிறேன் என்றால், அதே பட்டியலில் 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் கால்சியம் என்று நிற்கும் தானியம் அது. கால்சியம் பாஸ்பரஸை மிஞ்சும் தானியத்தைப் பார்ப்பதே அரிது. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கிடைக்கும் கணவாய் ஓடு ஒரு துண்டைக் கம்பியில் கட்டிவிடுங்கள். தேவையான சுண்ணாம்பைப் பறவையே சுரண்டிக்கொள்ளும்.

சரி, பெல்லட்டை வாங்கிக் கிண்ணத்தில் போட்டாயிற்று. பறவை தின்கிறதா? திரும்பியே பார்க்காது. இது பிடிவாதம் இல்லை. அதன் கண்ணுக்கு அது உணவே இல்லை. கூட்டில் இருந்த நாளில் தாய் தகப்பன் ஊட்டியது தினை. வெளியே வந்ததும் அவை கொத்துவதைப் பார்த்துக் கொத்தியது தினை. உருண்டையாக, பளபளப்பாக, கடித்தால் உமி உரியும் பொருள் எதுவோ அதுதான் தீனி என்று அதன் மூளையில் பதிந்திருக்கிறது. இலந்தைப் பழத்தைப் பார்த்திராதவருக்கு அதைக் காட்டினால் தயங்குவாரே, அந்தத் தயக்கம் இது. கிளிகளின் நாக்கில் சுவை மொட்டுகள் சில நூறுதான், நமக்கு ஆயிரக்கணக்கில். ருசி காட்டி மயக்குவது எளிதல்ல. கடிக்கும்போது எப்படி நொறுங்குகிறது, எந்த வடிவம், எங்கே கிடக்கிறது என்பதே அதற்குப் பெரிது.

ஆனால் அதே பறவையிடம் இன்னொரு குணமும் இருக்கிறது. அது கூட்டத்தில் வாழும் பறவை. பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யும். 1965-ல் டாசன், பாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தீனிக் கிண்ணத்தை மூடிவைத்து, மூடியைத் திறக்கத் தெரிந்த பட்ஜி அதைத் திறப்பதைத் தெரியாத பட்ஜிகளுக்குக் காட்டினார்கள். காலால் திறந்ததைப் பார்த்தது காலாலும், அலகால் திறந்ததைப் பார்த்தது அலகாலும் திறக்க முற்பட்டது. பெல்லட் பழக்குவதற்கு இதைவிடப் பெரிய சாவி வேறில்லை. பெல்லட் தின்னும் இன்னொரு பட்ஜி பக்கத்துக் கூண்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன்மேல் பெல்லட்டைத் தூவுங்கள். குனியும்போது கீழே ஒரு பறவையும் குனிந்து கொத்துகிறது. நாமும் கூட்டத்தில் ஒருவர்தான்: காலையில் கூண்டருகே உட்கார்ந்து, விரலால் பெல்லட்டைத் தட்டித் தட்டிக் காட்டி, வாயருகே கொண்டுபோய் மெல்வதுபோல் செய்தால் அது தலையைச் சாய்த்துப் பார்க்கும். எங்கள் வீட்டில் இது இரண்டு வாரம் நடந்தது.

தொடங்கும் முன் ஒரு தராசு வாங்குங்கள். நகை எடை பார்க்கும் சிறிய மின் தராசு போதும். தினமும் காலையில், தீனி வைக்கும் முன், அதே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு சிறு கிண்ணத்தை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கி, பறவையை அதில் நிற்கப் பழக்கினால் போதும். 35 கிராம் பறவையில் பத்தில் ஒரு பங்கு போனால் மூன்றரை கிராம். அரைப் பவுனுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது, இறகு மறைத்துவிடும். தராசு மட்டுமே சொல்லும். அந்த அளவு குறைந்த அன்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழைய தினையைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவு சிறிய உடலில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. அடுப்பு மட்டும் வேகமாக எரிகிறது. ஒரு முழு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து. "பசித்தால் தானாகத் தின்னும்" என்று தினையை ஒரேயடியாக எடுத்துவிடுவது நாய்க்கு வேண்டுமானால் பலிக்கலாம். பட்ஜி பெல்லட் கிண்ணத்தின் முன்னாலேயே செத்துப்போகும். இறகு உதிர்க்கும்போது, குஞ்சு பொரிக்கும்போது, நோயிலிருந்து தேறும்போது இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நாங்கள் செய்தது இதுதான். முதல் வாரம் கூண்டில் வேறொரு கிண்ணத்தில் பெல்லட்டைச் சும்மா வைத்தோம், தினையில் கைவைக்கவில்லை. புதுப் பொருளின் மேல் இருந்த பயம் போக அவ்வளவு நாள் ஆயிற்று. பிறகு தினையை லேசாக நனைத்து, பெல்லட்டை அம்மியில் பொடித்து அதன்மேல் புரட்டினோம். ஈரத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். உமி உரிக்கும்போது நாக்கில் படும். விழுங்குவது கொஞ்சந்தான், ஆனால் நாக்கு அந்த மணத்தை அறிந்துகொள்கிறது. மூன்றாம் வாரத்தில் முளைகட்டிய தினையோடு நொறுக்கிய பெல்லட். முளை கட்டுவதில் ஒரு நன்மை உண்டு. அது மெத்தென்று இருப்பதால், கடினமான தினைக்கும் நொறுங்கும் பெல்லட்டுக்கும் நடுவே ஒரு படிபோல் அமைகிறது. பட்ஜிகள் விடிந்ததும் ஒருமுறை, அடையும் முன் ஒருமுறை அதிகம் தின்னும். ஆகவே காலைப் பசியின் முதல் அரைமணி பெல்லட்டுக்கு, பிறகு தினை. மாலையில் அடையும் முன் வயிறு நிறையத் தினை. இரவைப் பட்டினியோடு கழிக்க விடவே இல்லை.

இங்கே மறுபடியும் கிண்ணம் ஏமாற்றும். ஒரு நாள் பெல்லட் கிண்ணம் பாதி காலியாக இருந்தது. அடியில் தவிடுபோல் பொடி. எல்லாரும் மகிழ்ந்தோம். உண்மையில் அது விளையாட்டாகக் கடித்து நொறுக்கியதே தவிர ஒரு துணுக்கும் உள்ளே போகவில்லை. அதைச் சொன்னது கூண்டின் தரையில் விரித்த செய்தித்தாள். தினை தின்னும் பறவையின் எச்சம் கரும்பச்சைச் சுருளாக, நடுவில் வெள்ளையோடு இருக்கும். வயிறு காலியானால் அளவு சுருங்கி, கறுத்தோ வெறும் பச்சை நீராகவோ வரும். பெல்லட் உண்மையாகவே உள்ளே போனால் எச்சம் பருத்து, பழுப்பு நிறமாகும். அந்த வாரம் முழுக்க எச்சம் பச்சையாகவே இருந்தது. தாளைத் தினமும் மாற்றி, எச்சங்களை எண்ணிப் பார்க்கும் வேலை அருவருப்பானது அல்ல. பறவை நம்மோடு பேசும் மொழிகளில் மிக நேர்மையான மொழி அதுதான்.

தென்காசிக்காரர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. குற்றாலச் சீசன் மாதங்களில் காற்றிலேயே ஈரம். அப்பளம் நமத்துப்போகும் காற்றில் பெல்லட்டும் நமத்துப்போகும், தினையும் பூசணம் பிடிக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை தானியத்தில் வளர்ந்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தபோதுதான், அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே ஆனி, ஆடி, ஆவணியில் பெரிய மூட்டை வாங்க வேண்டாம். சிறிய பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய பெல்லட்டை அன்றன்றே கொட்டிவிடுங்கள். நனைத்த தினையும் முளைகட்டிய தினையும் இரண்டு மணி நேரத்துக்குமேல் கூண்டில் இருக்கக்கூடாது. முகர்ந்து பாருங்கள், புளிப்போ மக்கல் வாடையோ வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

சாரல் நாட்களில் வெயிலும் கிடையாது. வைட்டமின் டி உண்டாக வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். தினையில் அந்தச் சத்து இல்லை, பெல்லட்டில் சேர்த்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் மேகம் மூடும் இந்த ஊரில் பெல்லட்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதில் இது பெரிய காரணம். வெயில் முகம் காட்டும் காலையில் கூண்டை வெளித்திண்ணைக்குக் கொண்டுபோங்கள். பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும், பூனை வராமல் ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

பச்சைக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை கூப்பிடு தூரம். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், பிஞ்சு மக்காச்சோளம் எல்லாம் கொடுக்கலாம்; மருந்தடித்திருக்கும் என்பதால் நன்றாக அலசி, ஈரம் உதறிக் கொடுக்க வேண்டும். முருங்கை இணுக்கைக் கம்பியில் சொருகிவைத்தால் அதில் தொங்கித் தொங்கித் தின்னும் அழகே தனி. பாலக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். குற்றாலத்துப் பழக்கடைகளில் ரம்புட்டானையும் மங்குஸ்தானையும் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும்போது ஒரு துணுக்குப் பறவைக்கும் கொடுத்தால் கெடுதல் இல்லை. அது சர்க்கரை, துணுக்கோடு நிறுத்த வேண்டும். ஆனால் பட்டர் புரூட் என்று நாம் சொல்லும் வெண்ணெய்ப்பழம் ஒரு சீவல்கூடக் கூடாது. அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் பட்ஜியின் இதயத்தைத் தாக்கி, ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும்.

ஐந்தாவது வாரம் ஒரு விடியற்காலை. வெளியே சாரல், உள்ளே விளக்குப் போடவில்லை. பெட்டை கண்ணாடித் தட்டின்மேல் இறங்கி ஒரு பெல்லட் துண்டைக் கொத்தி எடுத்தது. வழக்கம்போல் உமியைத் தேடி நாக்கால் உருட்டியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. உமி எதுவும் வரவில்லை. துண்டு இரண்டாக உடைந்தது. ஒரு பாதி கீழே விழ, மறுபாதியை அலகுக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மேல்கம்பியில் இருந்த ஆண், கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் செய்தித்தாளில் முதல் பழுப்புநிற எச்சம் கிடந்தது. எந்தப் பறவையுடையது என்று தெரியவில்லை. அன்று காலைத் தராசில் பெட்டை 34 கிராம், ஆண் 45.